பீடிக் காசைத் தின்ற புஞ்சை: மானூர்க் கரிசலில் ஒரு குடும்பத்தின் கணக்கு

2019 சித்திரையில் ஒரு சாயங்காலம். 80 பக்கப் பள்ளிக்கூட நோட்டு ஒன்றை நடுவில் வைத்துக்கொண்டு நாலு பேர் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். எட்டாவது படிக்கும் மகள் ஸ்கேல் வைத்து நடுவில் ஒரு கோடு போட்டாள். இடது பக்கம் ‘போனது’, வலது பக்கம் ‘வந்தது’. அண்ணாச்சி ஒரு மஞ்சள் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். உரக்கடைச் சீட்டு, உழவுக்கு டிராக்டர்காரர் எழுதிக் கொடுத்த துண்டுத் தாள், எடை போட்ட சீட்டு என்று எல்லாம் கசங்கிக் கிடந்தன. அவர் மனைவியை நான் மயினி என்று கூப்பிடுவேன். மயினி மடியில் சுளகை, அதாவது முறத்தை, வைத்து பீடி சுற்றியபடியே கேட்டுக்கொண்டிருந்தார். “தம்பி, எழுதி வச்சா மட்டும் காசு வந்துருமா?” என்று ஒரு தடவை கேட்டார். அப்புறம் பேசவில்லை.

அந்தக் குடும்பத்தின் பெயரையும் ஊரின் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. அவர்கள் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான். மானூருக்கு வடக்கே, தேவர்குளம் போகும் பக்கம் என்பது வரைக்கும் சொல்லலாம். அந்த வட்டாரத்தில் விவசாயக் குடும்பங்களோடு வேலை பார்க்கிறவன் நான். இந்த வீட்டுக்கு ஐந்து வருடத்துக்கு மேலாகப் போய் வருகிறேன். பார்த்ததையும், நான் சொல்லிக் கெட்டுப்போனதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஆறு ஓடும் மாவட்டம், ஆறு வராத ஊர்

திருநெல்வேலி என்றதும் வெளியூர்க்காரர்களுக்குத் தாமிரபரணிதான் ஞாபகம் வரும். பாபநாசம், மணிமுத்தாறு அணைகள், கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள், கார், பிசானம் என்று இரண்டு போகத்துக்கும் நெல். அந்தப் பச்சை எல்லாம் ஆற்றங்கரையோடு சரி. மானூர்ப் பெரியகுளத்துக்குச் சிற்றாற்றுத் தண்ணீர் வந்தால் குளத்துப் பாசனக்காரர்களுக்கும் நெல் உண்டு. அதற்கும் வடக்கே போனால் கரிசல். மழை பெய்தால் வெள்ளாமை, பெய்யாவிட்டால் வெட்டவெளி. வருடத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் விழும். ஆகவே ஒரே ஒரு போகம், அதையும் புரட்டாசியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

இந்தப் பக்கத்து வீடுகளில் ஓடுகிற காசு புஞ்சைக் காசு இல்லை, பீடிக் காசு. பெண்கள் சனிக்கிழமை தோறும் கடையில் கணக்கு முடித்து வாங்கி வருவது. ஆண்பிள்ளைகள் பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்ததும் சென்னையில் மளிகைக் கடைக்குப் போவார்கள், இல்லையென்றால் திருப்பூர். இந்த வீட்டில் அண்ணாச்சியின் தம்பிகள் இரண்டு பேரும் சென்னையில் கடைகளில்தான் இருக்கிறார்கள். புஞ்சை மூன்று ஏக்கர், ஒரு வற்றிய கிணறு, வரப்பில் பன்னிரண்டு பனை. பட்டா தாத்தா பேரில் கூட்டாகக் கிடந்தது. இந்தக் கூட்டுப்பட்டா பின்னால் எத்தனை கதவை அடைத்தது என்பதைச் சொல்கிறேன்.

நோட்டு சொன்னது

2018 புரட்டாசியில் மூன்று ஏக்கரிலும் மக்காச்சோளம் போட்டிருந்தார்கள். அந்த வருடம்தான் படைப்புழு வந்தது. இந்தியாவில் முதன்முதலாக 2018இல் கர்நாடகத்தில் கண்ட புழு, அதே பருவத்தில் தமிழ்நாட்டு மக்காச்சோளத்துக்குள்ளும் நுழைந்துவிட்டது. பகலில் குருத்துக்குள் ஒளிந்துகொண்டு இரவில் தின்னும். குருத்தை விரித்தால் மரத்தூள் மாதிரி எச்சம் கிடக்கும். அது என்ன புழு என்று தெரிவதற்குள் மூன்று முறை மருந்து அடித்துவிட்டார்கள்.

மகள் கூட்டிப் போட்டாள். உழவு 9,000. வீரிய விதை 9,000. டிஏபி, யூரியா உரம் 11,000. களைக்கொல்லி 3,000. புழு மருந்து, தெளிப்புக் கூலி 9,500. அறுவடை இயந்திரம், வண்டி வாடகை 10,500. மொத்தம் 52,000 ரூபாய். வந்தது 24 குவிண்டால், 1,800 வீதம் 43,200. நட்டம் 8,800.

அதோடு முடிந்திருந்தால் தாங்கியிருக்கலாம். நூற்றுக்கு மூன்று வட்டியில் 60,000 கடன் இருந்தது. மாதம் 1,800, வருடத்துக்கு 21,600. நட்டத்தையும் வட்டியையும் சேர்த்தால் 30,400. மயினியின் பீடிச் சம்பளம் வாரம் 700 ரூபாய் போல, வருடத்துக்கு 35,000.

மகள் இரண்டு எண்களையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிக் கழித்தாள். 4,600. மயினியின் கை நின்றது. சுளகில் புகையிலைத் தூள் அப்படியே கிடந்தது. “இம்புட்டுமா காட்டுக்குப் போயிருக்கு?” என்றார். புஞ்சைதான் குடும்பத்துக்குச் சோறு போடுகிறது, பீடி கைச்செலவுக்கு என்றுதான் அந்த வீட்டில் அத்தனை பேரும் நம்பியிருந்தார்கள். நடந்தது நேர் எதிர். பீடிக் காசைப் புஞ்சை தின்றுகொண்டிருந்தது. வீட்டில் எரிந்த அடுப்பு ரேஷன் அரிசியிலும் அண்ணாச்சியின் கூலியிலும் எரிந்தது.

வட்டியைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். 2017 அக்டோபர் 23ஆம் தேதி, மனு வாங்கும் திங்கட்கிழமை, நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் கணவனும் மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளோடு தீக்குளித்து இறந்தார்கள். கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003 முதலே சட்டம் இருக்கிறது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் எந்த வீட்டில் உட்கார்ந்து கடன் கணக்குக் கேட்டாலும் முதலில் ஒரு மௌனம் வரும். மகசூலைக் கூட்டுவது எப்படி என்று பேசப் போகிறவர்கள் அந்த மௌனத்தைத் தாண்டித்தான் பேச வேண்டும். நான் அதற்கு முன்பு வரை அப்படிப் போனதில்லை. மண், விதை, உரம் என்று மட்டும் பேசிவிட்டு வந்திருக்கிறேன்.

அன்றைக்குத் திண்ணையில் எடுத்த முடிவு ஒன்றே ஒன்று. கடன் வாங்கி விதைப்பதில்லை. கையில் இருக்கிற காசுக்கு எத்தனை ஏக்கர் வருமோ அத்தனை ஏக்கர்தான் விலைக்கு விற்கும் பயிர். மீதியில் வீட்டுக்கும் ஆட்டுக்கும் ஆனது.

களக்காட்டில் நடந்தது

இது புதிய யோசனை இல்லை, இதே மாவட்டத்தில் முளைத்ததுதான். இயற்கை விவசாயத்துக்காக ஊர் ஊராகப் பேசிய கோ. நம்மாழ்வார் 1963இல் கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கோவில்பட்டி அப்போது திருநெல்வேலி மாவட்டம். மழையை மட்டும் நம்பியிருக்கிற ஏழைச் சம்சாரியின் நிலத்துக்கு விலை கூடிய விதையும் உரமும் மருந்தும் வைத்துச் சோதனை நடத்துவதில் பிரயோசனம் இல்லை என்று சொல்லிப் பார்த்தார். கேட்பாரில்லை. 1969இல் வேலையை விட்டார். அப்புறம் பத்து வருடம் களக்காடு வட்டாரத்தில், நோபல் பரிசு பெற்ற டொமினிக் பியர் தொடங்கிய ‘அமைதித் தீவு’ அமைப்பில் வேலை பார்த்தார். விவசாயத்தின் வழியாகக் கிராமத்துக் குடும்பங்களின் வாழ்க்கையை உயர்த்துவதுதான் அங்கே அவருடைய வேலை. வெளியிலிருந்து வாங்குவது எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு விவசாயி நிற்பான், ஒரு பண்ணையின் கழிவே அதே பண்ணையின் உரமாக வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தது களக்காட்டில்தான். இன்றைக்கு அவர் பெயரைச் சொன்னால் எல்லாருக்கும் பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம் என்ற சாணக் கரைசல்கள்தான் ஞாபகம் வருகிறது. எனக்கு அந்தக் களக்காட்டுப் பாடம்தான் பெரிது. அது வறுமையைப் பக்கத்தில் நின்று பார்த்து வந்த பாடம்.

அந்தப் பாடத்தை நான் முதல் வருடமே தப்பாகப் புரிந்துகொண்டேன்.

முதல் வருடம்: என் தவறு

2019 புரட்டாசியில் ஒரு ஏக்கர் உளுந்து, ஒரு ஏக்கர் இருங்கு என்ற நாட்டுச் சோளத்தோடு தட்டைப்பயறு, ஒரு ஏக்கர் மக்காச்சோளம். மக்காச்சோளத்தை விட அண்ணாச்சிக்கு மனசு வரவில்லை. சரி, போடுங்கள், ஆனால் யூரியா ஒரு மூடை கூட வேண்டாம், ஜீவாமிர்தம் போதும் என்றேன். 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயற்று மாவு, ஒரு கைப்பிடி வரப்பு மண், 200 லிட்டர் தண்ணீர். அதை அளவு பிசகாமல் கலக்கி, இரண்டு நாள் நிழலில் வைத்து ஊற்றினார்கள்.

பயிர் முழங்கால் உயரத்தில் மஞ்சளாக நின்றுவிட்டது. இருபது வருடமாக ஒரு கூடை எரு கூடப் போகாத மண் அது. ஜீவாமிர்தம் மண்ணில் இருக்கிற நுண்ணுயிருக்கு உறை மோர் மாதிரி. உறை ஊற்றப் பாலே இல்லாத சட்டியில் மோரை மட்டும் ஊற்றி என்ன பயன்? மக்காச்சோளம் உரத்தை அள்ளித் தின்னும் பயிர் என்பதும் எனக்குத் தெரியாததில்லை. தெரிந்தும், சொன்ன கொள்கைக்காக அவர்கள் நிலத்தில் சோதனை பண்ணியிருக்கிறேன். 4 குவிண்டால்தான் கிடைத்தது, கைக்காசு இரண்டாயிரத்துச் சொச்சம் நட்டம். அண்ணாச்சி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

உளுந்து காப்பாற்றியது. வம்பன் 8 ரகம், ஏக்கருக்கு 8 கிலோ விதை. ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியம் என்ற நுண்ணுயிர் உரப் பொட்டலத்தைக் கரைத்து, விதையைப் புரட்டி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி விதைத்தார்கள். காற்றில் இருக்கிற தழைச்சத்தை வேர் முடிச்சில் தானே சேர்த்துக்கொள்ளும் பயிர், அதனால் யூரியா இல்லாத குறை தெரியவில்லை. பூக்கிற நேரத்தில் ஒரு முறை இரண்டு சதவீத டிஏபி கரைசல் தெளித்தார்கள். முழு இயற்கைக்காரர்கள் இதை ஒப்பமாட்டார்கள். முதல் வருட மக்காச்சோளத்தைப் பார்த்தபின் நான் அந்தத் தெளிப்பை நிறுத்தச் சொல்லவே இல்லை. மாசிக்குள் இரண்டரைக் குவிண்டால். இரண்டை விற்றதில் 12,000, செலவு 6,500. பெரிய லாபம் ஒன்றுமில்லை. ஆனால் மீதி வைத்த அரைக் குவிண்டாலில் அடுத்த வருட விதை இருந்தது. மயினி அதை மூன்று நாள் வெயிலில் காயவைத்து, கொஞ்சம் ஆமணக்கு எண்ணெய் தடவி, வேப்பிலை போட்டு, மண் பானையில் அடைத்து வைத்தார். அந்தப் பானை வந்த பிறகு அந்த வீடு விதைக்கடைக்குப் போனதில்லை, ஒரு வருடம் நீங்கலாக.

ஆடு, கிடை, சுய உதவிக் குழு

மண்ணுக்கு எரு வேண்டும், எரு வேண்டுமென்றால் கால்நடை வேண்டும். மாடு வாங்க வசதியில்லை. 2019 ஆடியில் மயினி தன் மகளிர் குழுவில் கடன் எடுத்து இரண்டு கன்னிப் பெட்டை ஆடு வாங்கினார். மேலப்பாளையம் சந்தைக்குப் போகவில்லை, பக்கத்து ஊரில் கிடையிலேயே பார்த்து வாங்கியது. கன்னி ஆடு இந்தக் கரிசலுக்கே உரிய இனம். உடம்பு கறுப்பு, முகத்தில் நெற்றியிலிருந்து மூக்கு வரை இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு. பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும். சோளத்தட்டையும் தட்டைப்பயற்றுக் கொடியும் தின்னும், மாசி பங்குனியில் வேலங்காய் உதிரும்போது அதுவே தனக்குத் தீனி தேடிக்கொள்ளும். இருங்குச் சோளத்துக்கு ஒரு ஏக்கர் ஒதுக்கியதன் காரணம் அப்போதுதான் அண்ணாச்சிக்கு மனசில் ஏறியது.

2020 பங்குனியில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து மந்தை ஓட்டி வரும் கீதாரி ஒருவர் செம்மறிகளோடு வந்தார். மூன்று இரவு புஞ்சையில் கிடை போட்டார்கள், அதாவது ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு எருவாக மந்தையை அங்கேயே அடைத்தார்கள். கூலியில் பாதியைக் காசாகவும் பாதியைச் சோளமாகவும் கொடுத்தார்கள். பழைய காலத்தில் இந்தப் பக்கம் எல்லாப் புஞ்சைக்கும் கிடை உண்டு. உர மூடை வந்ததும் கிடை நின்றது. கிடைக்குப் பிறகு கோடை மழை ஒன்று விழுந்ததும் சரிவுக்குக் குறுக்கே கோடை உழவு போட்டார்கள். ஐப்பசி மழை ஓடிப்போகாமல் சாலில் நின்று இறங்கியது.

அந்த ஐப்பசியில்தான் அடி விழுந்தது. இரண்டு ஆடு ஏழு உருப்படி ஆகியிருந்தது. மழைக்குப் பிறகு முளைத்த இளம்புல்லைத் தின்றுவிட்டு, ஒரே வாரத்தில் நாலு உருப்படி துள்ளுமாரியில் போயிற்று. சாயங்காலம் நன்றாக அசை போட்டுக்கொண்டிருந்தது, விடியும்போது கால் உதைத்துக் கிடந்தது. மழைக்காலத்துக்கு முன்பே தடுப்பூசி போட்டிருக்க வேண்டிய நோய். கொரோனாக் காலத்தில் ஊசி முகாம் தள்ளிப்போனது, நாங்களும் விடாமல் கேட்கவில்லை. மயினி இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு நோட்டின் பின் அட்டையில் மகள் ஒரு அட்டவணை எழுதினாள். புரட்டாசிக்கு முன் துள்ளுமாரி ஊசி, ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஊசி எந்த வருடம், குடற்புழு மருந்து எப்போது எப்போது. அந்த அட்டவணை பக்கத்து ஏழெட்டு வீடுகளுக்கும் போனது. என்னைக் கேட்டால் இந்த ஐந்து வருடத்தில் அந்த ஊருக்கு நடந்த நல்ல காரியங்களில் அது முதலாவது.

2021 தையில் மிஞ்சியிருந்த கிடா ஒன்றையும் கொஞ்சம் உளுந்தையும் விற்ற 10,000, குழு மூலமாக எடுத்த 50,000 இரண்டையும் சேர்த்து அந்த மூன்று வட்டிக் கடனைக் கட்டி முடித்தார்கள். குழுக் கடனுக்கு மாதம் ஒரு வட்டி. 1,800 போன இடத்தில் முதல் மாதம் 500தான் வட்டி, அப்புறம் அது மாதாமாதம் இறங்கியது. உளுந்து எத்தனை மூடை கூடினாலும் இந்த ஒரு மாற்றத்துக்கு ஈடாகாது. கடன் தீர்ந்த அன்று அண்ணாச்சி எழுதிக்கொடுத்திருந்த புரோநோட்டைத் திரும்ப வாங்கி, வீட்டு வாசலில் வைத்துக் கிழித்தார். எரிக்கவில்லை. துண்டு துண்டாகக் கிழித்து எருக்குழியில் போட்டார்.

பட்டா, குட்டை, எட்டு சென்ட்

கூட்டுப்பட்டாவைப் பிரிக்க இரண்டு வருடம் ஆனது. தம்பிகளுக்குக் கடையில் லீவு கிடைக்க வேண்டும், மூன்று பேரும் ஒரே நாளில் வர வேண்டும், வந்த நாளில் அலுவலகத்தில் ஆள் இருக்க வேண்டும். இதில் ஒன்று எப்போதும் பிசகும். தன் பேரில் பட்டா இல்லாதவருக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கிடையாது, விவசாயிகளுக்கான பிரதமர் திட்டத்தின் வருடம் 6,000 ரூபாய் கிடையாது, மழைத் தண்ணீர் தேக்கும் குட்டைக்கு மானியம் கிடையாது, புழு வந்தாலும் வெள்ளம் வந்தாலும் நிவாரணக் கணக்கில் பெயர் கிடையாது. எங்கள் பக்கத்தில் ஏழைச் சம்சாரி என்றால் பாதிப் பேர் இப்படித்தான் நிலம் இருந்தும் இல்லாதவர்கள். விவசாயத்தைத் திருத்தப் போகிறவர்கள் முதல் நாளே பட்டாவைக் கேட்டுப் பார்க்க வேண்டும். நான் இதைக் கேட்டதே இரண்டாவது வருடத்தில்தான்.

2021 ஆனியில் தனிப்பட்டா வந்தது. அந்தக் கோடையிலேயே மானியத்தில் பண்ணைக்குட்டை வெட்டியாயிற்று. கரிசல் மண் களி மாதிரி இறுகும், அதனால் அடியில் விரிப்பு தேவைப்படவில்லை. அந்த வருட வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடு முழுக்க நன்றாகப் பெய்தது, குட்டை நிறைந்தது, பக்கத்துக் கிணற்றிலும் ஊற்று வந்தது. அடுத்த வருடம் பூக்கிற நேரத்தில் மழை பதினெட்டு நாள் ஒளிந்துகொண்டபோது குட்டையிலிருந்து வாடகை இன்ஜின் வைத்து ஒரே ஒரு தடவை உயிர்த்தண்ணீர் விட்டார்கள். ஒன்றரை ஏக்கரில் நாலரைக் குவிண்டால். நாலை விற்று 27,200.

கிணற்றோரத்தில் ஒரு மரக்கால் விதைப்பாடு, அதாவது 8 சென்ட். அது மயினியின் இடம். கத்தரி, சீனியவரை, வெண்டை, மிளகாய், வரப்போரம் கீரை. வீட்டுக்குப் போக மிச்சத்தைத் தெருவிலேயே விற்கிறார். வாரம் 300, சில வாரம் 500. சின்னக் காசுதான். ஆனால் இந்தக் காசு வாராவாரம் வருகிறது. புஞ்சைக் காசு வருடத்தில் ஒரு முறை வரும், வந்த அன்றே வாசலில் நாலு பேர் காத்திருப்பார்கள். வாராவாரம் கையில் காசு புழங்கும் வீட்டுக்கு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கடன் கேட்டு அலையும் நிலை வராது.

அப்புறம் பனங்கிழங்கு. பன்னிரண்டு பனையின் பழம் எல்லாம் அதுவரை உதிர்ந்து வீணாகத்தான் போனது. கரிசலில் கிழங்கு நேராக இறங்காது. வீட்டுக்குப் பின்னால் இருந்த செம்மண் மேட்டில் மணலைக் கலந்து பாத்தி கட்டி, ஆவணியில் ஆயிரத்து ஐந்நூறு கொட்டை புதைத்தார்கள். மார்கழிக் கடைசியில் ஆயிரம் கிழங்கு வந்தது. 25 கிழங்கு ஒரு கட்டு, நாற்பது கட்டு. நெல்லைச் சீமையில் கிழங்கு இல்லாமல் பொங்கல் இல்லை. கட்டு 100 ரூபாய் வீதம் இரண்டு நாளில் 4,000. போட்ட முதல் மணல் அள்ளிய வண்டிக் கூலி மட்டும்.

ஒரு இடத்தில் ஏமாந்தும் போனோம். இயற்கை உளுந்துக்கு இரண்டு மடங்கு விலை தருகிறேன் என்று வெளியூர் வியாபாரி ஒருவர் சொன்னதை நம்பி ஒரு வருடம் விற்காமல் வைத்திருந்தோம். அவர் வரவில்லை. வண்டு விழுந்து பாதி போயிற்று, விதைப் பானையும் அதோடு போயிற்று. விதைக்கடைக்குப் போன அந்த ஒரு வருடம் இதுதான். அதிலிருந்து ஊர் விலைக்கே கொடுக்கிறார்கள். இயற்கை என்ற பெயருக்குக் கூடுதல் விலை கிடைத்தால்தான் குடும்பம் மீளும் என்று போடும் கணக்கை நான் இப்போது யாருக்கும் சொல்வதில்லை. இந்த வீட்டு நோட்டில் அந்தக் காசு ஒரு ரூபாய் கூட ஏறவில்லை.

2023 மார்கழி

டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. தாமிரபரணி நெல்லை ஜங்ஷனுக்குள் வந்தது. எங்கள் பக்கம் அந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் இரண்டு நாள் ஓயாமல் ஊற்றியது, கரிசல் குடித்து முடித்து மேலே தண்ணீரை நிறுத்திவிட்டது.

ரோடு திறந்து நான் போய்ச் சேர நாலு நாள் ஆனது. அண்ணாச்சியோடு காட்டுக்குப் போனேன். இரண்டு ஏக்கர் உளுந்து, காய் பழுத்து இன்னும் பத்து நாளில் பிடுங்க வேண்டியது. செடியெல்லாம் சேற்றில் சாய்ந்து கிடந்தது. அண்ணாச்சி ஒரு காயைப் பிடுங்கி நகத்தால் பிளந்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். ஆறு பருப்பு. ஆறிலும் வெள்ளையாக முளை விட்டிருந்தது. காய்க்குள்ளேயே முளைத்துவிட்டது. “விதை நல்ல விதைதான்” என்றார்.

திரும்பி வந்து நோட்டை எடுத்தோம். அந்த வருடம் புஞ்சையில் போட்டிருந்த ரொக்கம்: உழவு 7,500, களை எடுத்த கூலி 4,000, ஒரு தெளிப்பு 1,000. மொத்தம் 12,500. விதை வீட்டு விதை, எரு வீட்டு எரு. முதன்முதலாகக் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய 15,000 பயிர்க்கடன் இருந்தது. கெடுவுக்குள் கட்டினால் வட்டி இல்லை. ஆடு அப்போது பதினொரு உருப்படி. நாலை விற்றார்கள், 30,000 வந்தது. கடனைக் கட்டினார்கள், மீதியில் மகளின் பரீட்சைக் கட்டணமும் வீட்டுச் செலவும் ஓடின. சாயாமல் நின்ற இருங்குச் சோளம் தானியம் கறுத்துப் போனாலும் தட்டைக்கு ஆனது. மேட்டில் இருந்த கிழங்குப் பாத்திக்கு ஒன்றும் ஆகவில்லை, பொங்கலுக்குத் தோண்டினார்கள். நிவாரணமும் காப்பீடும் பிற்பாடு வந்தன. வரும் வரை தாங்கியது ஆடும் கிழங்கும் எட்டு சென்டும்தான்.

பக்கத்துப் புஞ்சைக்காரர் நாலு ஏக்கர் மக்காச்சோளம் போட்டிருந்தார். ஏக்கருக்கு இருபதாயிரம் கைக்காசு உள்ளே போயிருந்தது. நல்ல வருடங்களில் அவர் அண்ணாச்சியை விட இரண்டு மடங்கு எடுப்பார், அதை நான் மறைக்க மாட்டேன். அந்த ஒரு மார்கழியில் அவர் மறுபடியும் மூன்று வட்டிக்குப் போனார். நல்ல வருடத்தில் எவ்வளவு எடுத்தோம் என்பதை விட, கெட்ட வருடத்தில் எவ்வளவு இழந்தோம் என்பதுதான் எங்கள் பக்கத்து வீட்டைத் தீர்மானிக்கிறது. பத்து வருடத்தில் மூன்று கெட்ட வருடம் எப்படியும் வரும் மண் இது.

கணக்கில் ஏறாதவை

செலவு குறைந்தது, செலவு குறைந்தது என்று நான் எழுதிக்கொண்டே வந்ததில் பாதி, மயினியின் உடம்பு. ஆட்டுக்குத் தழை ஒடிப்பது, எருவைச் சுமப்பது, எட்டு சென்டுக்குக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது, உளுந்தைச் சுளகில் புடைப்பது எல்லாம் அவர். கடையில் வாங்கிய மூடை போய் அந்த இடத்தில் ஒரு பெண்ணின் உழைப்பு வந்திருக்கிறது. அதற்கு நோட்டில் பத்தி இல்லை. 2022இல் மகள் ஒரு வாரம் அம்மாவின் வேலை நேரத்தை எழுதிப் பார்த்தாள். நாள் ஒன்றுக்குப் பதினாலு மணி நேரம். அதற்குப் பிறகுதான் அண்ணாச்சி ஆட்டுக்குத் தண்ணீர் வைப்பதையும் எருக்குழியையும் தன் வேலையாக எடுத்துக்கொண்டார். கிணற்றுக்கு மோட்டார் வைத்ததும் அதே காரணத்துக்காகத்தான்.

இன்னொன்று. இந்த வீட்டுக்கு மூன்று ஏக்கரும் பன்னிரண்டு பனையும் இருந்தன. அதே தெருவில் ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத வீடுகள் பத்துக்கு மேல் உண்டு. அவர்களுக்குக் குழுக் கடனும் ஆடும் மட்டும் ஓரளவு கை கொடுத்தன, அதுவும் மேய்ச்சலுக்குத் தரிசு இருக்கும் வரை. தரிசெல்லாம் வேலி போட்டு மனையாகிக்கொண்டிருக்கிறது. அவர்களுக்கு இந்த வழி போதாது.

மயிலும் காட்டுப்பன்றியும் வேறு கூடிவிட்டன. முளைத்து இரண்டிலை விட்ட உளுந்தை மயில் கூட்டமாக வந்து கொத்திவிடும். பழைய சேலையை வேலியாகக் கட்டிப் பார்த்தார்கள், ஒரு வாரம் பயந்தது, அப்புறம் அதன் மேலேயே ஏறி உட்கார்ந்தது. இப்போது விதைத்த பத்து நாளும் அண்ணாச்சி விடியற்காலையில் தகர டப்பாவோடு காட்டில் நிற்கிறார்.

போன மாதம் போயிருந்தேன். மகள் பாளையங்கோட்டையில் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். நோட்டை இப்போது மயினியே எழுதுகிறார். எழுத்து பெரிது பெரிதாக, கோட்டுக்கு மேலும் கீழுமாக இருக்கிறது. கூட்டல் சரியாக இருக்கிறது. பீடியை முழுக்க விடவில்லை. பீடி வேலைக்கான பிஎஃப் (வருங்கால வைப்புநிதி) கணக்கு ஓடுகிறது, அதை அறுக்க மனசில்லை என்றார். புகையிலைச் சுளகு வாரத்தில் மூன்று நாள்தான் ஆணியிலிருந்து இறங்குகிறது. மற்றச் சுளகில் அன்றைக்கு உளுந்து கிடந்தது. வண்டு விழுந்ததைத் தனியாகப் பொறுக்கிக்கொண்டே, “தம்பி, இந்தப் புரட்டாசிக்குப் பத்துக் கிலோ விதை கூடுதலா இருக்கு. கீழத்தெருவுல ரெண்டு வீட்டுக்குக் கேக்காக, குடுக்கலாமா?” என்று கேட்டார். கொடுங்கள், திரும்பி வரும்போது விதையாகவே வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். மயினி நோட்டை எடுத்து ‘போனது’ பக்கத்தில் எழுதினார்: விதை, 10 கிலோ.